எலுமிச்சைச் சாறு காகிதத்தில் என்ன செய்கிறது? குழந்தைகளோடு மாய மை

கோடை விடுமுறைக்கு அண்ணன் பிள்ளைகள் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெரியவனுக்கு 11 வயது, சின்னவளுக்கு 8. மூன்றாம் நாளே டிவி அலுத்துப்போனது. சரி, மாய மை செய்து காட்டலாம் என்று ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் பிழிந்து, விதையும் சக்கையும் நீக்கி, ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். காது குடையும் பட்ஸை அதில் நனைத்து ஆளுக்கொரு வெள்ளைத் தாளில் எழுதினார்கள். காய்ந்ததும் தாளில் ஒன்றுமே தெரியவில்லை. நான் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி மெதுவாகத் தேய்த்தேன். பழுப்பு நிறத்தில் எழுத்து மேலே எழும்பி வந்தது.

ஆச்சரியத்தில் கத்தி முடித்த பிறகு பிள்ளைகள் கேட்டார்கள்: "எப்படி அத்தை?"

பள்ளியில் கேட்டதை, அப்புறம் பல இடங்களில் படித்ததை அப்படியே சொன்னேன். "சாறு காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து பழுப்பாயிடுது. வெட்டி வச்ச ஆப்பிள் கறுத்துப்போற மாதிரி."

பெரியவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "ஆப்பிள் கறுக்கக் கூடாதுன்னுதானே அம்மா அது மேல எலுமிச்சம்பழம் பிழியுறாங்க?"

என்னிடம் பதில் இல்லை. அவன் கேட்டது முழுக்கச் சரி. வாழைப்பூவை ஆய்ந்ததும் மோரில் போடுகிறோம். புளிப்பு கறுப்பைத் தடுக்கும் என்பது நம் சமையலறைக்குத் தெரியும். கறுக்காமல் காக்கிற அதே எலுமிச்சை, காகிதத்தில் மட்டும் ஏன் தானே பழுப்பாக வேண்டும்? அதோடு, காற்றுதான் காரணம் என்றால் சும்மா வைத்திருந்தாலே எழுத்து தெரிந்திருக்க வேண்டுமே. எதற்கு இஸ்திரிப் பெட்டி?

அந்த விடுமுறையில் எங்களுக்குக் கிடைத்த விடைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். மாய மை செய்யும் முறை எல்லா இடத்திலும் கிடைக்கிறது. விளக்கம்தான் பெரும்பாலும் தவறாக, அல்லது பாதியாகக் கிடைக்கிறது.

மை எங்கும் மறைவதில்லை

முதலில் ஒரு பழைய பழக்கத்தைப் பார்ப்போம். பனையோலையில் எழுதியவர்கள் எழுதும்போது மை பயன்படுத்தவில்லை. எழுத்தாணியால் ஓலையைக் கீறினார்கள். கீறியது ஓலையின் நிறத்திலேயே இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் ஏதோ கோடு இருப்பது தெரியும். பிறகு விளக்குக் கரி, பச்சிலைச் சாறு, மஞ்சள் என்று கைக்குக் கிடைத்ததை ஓலை முழுக்கத் தடவித் துடைப்பார்கள். வழவழப்பான இடத்தில் கரி நிற்காது. கீறிய பள்ளத்தில் மட்டும் தங்கும். எழுத்து கறுப்பாகத் தெரியும்.

இதில் இரண்டு படி இருக்கிறது. முதல் படியில் ஓலையில் ஒரு வேறுபாட்டை உண்டாக்குகிறோம். கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் இருக்கிறது. இரண்டாம் படியில் அந்த வேறுபாட்டைக் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக்குகிறோம்.

உலகத்தில் உள்ள எல்லா மாய மையும் இந்த இரண்டு படிகள்தான். எழுதிய இடமும் எழுதாத இடமும் பார்க்க ஒன்றுபோல இருக்க வேண்டும், நடத்தையில் மட்டும் வேறுபட வேண்டும். அந்த நடத்தையை வெளியே இழுத்துக் காட்டும் பொருளை, அது வெப்பமோ இன்னொரு திரவமோ ஒளியோ, வெளிக்காட்டி என்று இங்கே சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு மெழுகுவர்த்தியை வைத்து இதைக் காட்டினேன். வெள்ளை மெழுகால் வெள்ளைத் தாளில் எழுதி, மேலே நீர்த்த வாட்டர் கலரைப் பூசினால், மெழுகு பட்ட இடத்தில் நிறம் ஒட்டாது. எழுத்து வெள்ளையாகத் தெரியும். இதில் ரசாயனமே இல்லை. மெழுகுக்கும் தண்ணீருக்கும் ஆகாது, அவ்வளவுதான். சூடும் வேண்டாம், கறையும் ஆகாது. ஐந்து வயதுப் பிள்ளை இருந்தால் இதிலிருந்து தொடங்குங்கள்.

காகிதமும் ஒருவகைச் சர்க்கரைதான்

இப்போது எலுமிச்சைக்கு வருவோம். சாற்றில் சுமார் 90 விழுக்காடு தண்ணீர். சிட்ரிக் அமிலம் சுமார் 5 அல்லது 6 விழுக்காடு. சர்க்கரை 2, 3 விழுக்காடு. அமிலம் என்றால் நாக்கில் புளிக்கும் வகைப் பொருள் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். புளி, தயிர், எலுமிச்சை எல்லாவற்றிலும் ஏதோ ஓர் அமிலம் இருக்கிறது. எழுதியது காய்ந்ததும் தண்ணீர் போய்விடுகிறது. அமிலமும் சர்க்கரையும் தாளின் நாருக்குள் தங்கிவிடுகின்றன. இரண்டுக்கும் நிறம் இல்லை. அதனால் ஒன்றும் தெரிவதில்லை.

சூடு பட்டதும் இரண்டு வேலைகள் நடக்கின்றன.

முதல் வேலை நமக்குப் பழக்கமானது. வாணலியில் வெறும் சர்க்கரையைப் போட்டுச் சூடாக்கினால் உருகும், பொன்னிறமாகும், பிறகு பழுப்பாகும், விட்டுவிட்டால் கரியாகும். அங்கே எதுவும் தீப்பிடிக்கவில்லை. சர்க்கரையின் ஒவ்வொரு துகளிலும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் இருக்கின்றன. சூட்டில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கைகோத்துத் தண்ணீராக, ஆவியாக வெளியேறுகின்றன. மிஞ்சியவை ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய பழுப்புத் துகள்களாகின்றன. பொருளின் உள்ளிருந்தே தண்ணீர் பிரிந்து போவதால் இதற்கு நீரகற்றல் என்று பெயர். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸில் இது சுமார் 110 டிகிரி செல்சியஸிலேயே தொடங்கிவிடுகிறது. நாம் காபியில் போடும் சர்க்கரைக்குச் சுமார் 160 டிகிரி வேண்டும்.

இரண்டாம் வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். காகிதம் மரக்கூழிலிருந்து வருகிறது. அதன் நார் செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனது. செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் சர்க்கரையை மணிமணியாக நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கோத்த மாலை. நாக்கில் இனிக்காது, நம்மால் செரிக்கவும் முடியாது. இருந்தாலும் அடிப்படையில் அதுவும் சர்க்கரைதான். மாலையாகக் கட்டிக் கிடக்கும்வரை சூட்டை நன்றாகத் தாங்கும். சிட்ரிக் அமிலம் அந்த மாலையை அங்கங்கே அறுத்துவிடுகிறது. அறுந்த துண்டுகளிலிருந்து தண்ணீர் எளிதாகப் பிரிகிறது. அதனால் சாறு பட்ட இடத்தில், சுற்றியுள்ள தாள் வெள்ளையாகத் தாக்குப்பிடிக்கும் சூட்டிலேயே, காகிதம் தானும் பழுத்துவிடுகிறது.

அதாவது நாம் பார்க்கிற பழுப்பில் ஒரு பகுதிதான் எலுமிச்சையுடையது. இன்னொரு பகுதி காகிதத்துடையது.

பழைய புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஓரம் பழுப்பேறி, மடித்தால் ஒடியும். மலிவான தாளில் தயாரிக்கும்போதே அமிலம் தங்கிவிடுகிறது. அது பல பத்தாண்டுகளாக மெதுவாக அந்தச் செல்லுலோஸ் மாலையை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் புத்தகத்துக்கு 50 ஆண்டு பிடித்த வேலையில் ஒரு பங்கை எலுமிச்சையும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து அரை நிமிடத்தில் செய்துவிடுகின்றன. எங்கள் தாளை மறுநாள் மடித்துப் பார்த்தோம். நன்றாகப் பழுப்பேறியிருந்த எழுத்தின் மேலேயே அது விரிசல் விட்டது.

ஆப்பிள் கதை முற்றிலும் வேறு. ஆப்பிளையோ வாழைப்பூவையோ வெட்டியதும் செல்கள் உடைந்து, அவற்றில் உள்ள ஒரு நொதி காற்றின் ஆக்சிஜனைப் பிடித்துப் பழுப்பு நிறத்தை உண்டாக்குகிறது. நொதி என்பது உயிருள்ளவற்றில் ஒரு வேலையை வேகப்படுத்தும் புரதம். புளிப்பில் அந்த நொதி முடங்கிவிடும். அதனால்தான் மோர், அதனால்தான் எலுமிச்சை. காகிதத்தில் அப்படி ஒரு நொதி கிடையாது. ஆப்பிளின் பழுப்பு வேறு, இஸ்திரிப் பெட்டியின் பழுப்பு வேறு. நிறம் ஒன்று என்பதால் இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லிவிட்டோம். சூட்டில் நடப்பதில் காற்றுக்குத் துளியும் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. முதன்மையான வேலை நீரகற்றல் என்பதுதான் செய்தி.

இதுவரை பார்த்தது: எலுமிச்சை மையில் சர்க்கரை தானே பழுப்பாகிறது, அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்குகிறது. இரண்டுக்கும் வெப்பம்தான் வெளிக்காட்டி.

நம்பாதே, செய்து பார்

பெரியவன் இதையும் உடனே ஏற்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. சரி, பிரித்துப் பார்ப்போம் என்று ஒரே தாளில் ஐந்து கோடுகள் போட்டோம். ஒன்று வெறும் தண்ணீர். இரண்டாவது சர்க்கரைத் தண்ணீர். மூன்றாவது, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று தரும் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்த தண்ணீர். நான்காவது வெள்ளை வினிகர். ஐந்தாவது பால். ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் பென்சிலால் பெயர் எழுதச் சொன்னேன். அதைச் செய்யாவிட்டால் காய்ந்த பிறகு எது எதுவென்று தெரியாது.

இஸ்திரி போட்டதும் தண்ணீர்க் கோடு வரவே இல்லை. சர்க்கரைக் கோடு வந்தது. அதில் புளிப்பில்லை. சிட்ரிக் அமிலக் கோடும் வந்தது. அதில் சர்க்கரை இல்லை. ஆக, இரண்டும் தனித்தனியாகவே வேலை செய்கின்றன, எலுமிச்சையில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. வினிகர் மிகவும் மங்கலாகத்தான் வந்தது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் காயும்போது தண்ணீரோடு சேர்ந்து அதுவும் ஆவியாகிவிடும் என்பதால் தாளில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

பால்தான் ஆச்சரியம். பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரையும் இருக்கிறது, புரதமும் இருக்கிறது. சர்க்கரையும் புரதமும் சூட்டில் சந்தித்தால் தனியாக ஒரு பழுப்பு வினை நடக்கும். 1912-ல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மெயார் பெயரால் மெயார் வினை என்கிறார்கள். பால்கோவா கிண்டும்போது வெள்ளைப் பால் சந்தன நிறமாவதும், தோசையின் அடிப்பக்கம் முறுகி மணப்பதும் இதே வினைதான்.

செய்முறை பற்றிச் சில சொற்கள். இஸ்திரிப் பெட்டி பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். நீராவி வேண்டாம், பருத்தித் துணிக்கான சூடு போதும். அடியில் பழைய துணியை விரித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே தேய்க்க வேண்டும். மெழுகுவர்த்தி மேல் காட்டச் சொல்லும் பழைய குறிப்புகளை விட்டுவிடுங்கள். காகிதம் சுமார் 230 டிகிரியில் தீப்பற்றிக்கொள்ளும், மெழுகுவர்த்திச் சுடர் அதைவிடப் பல மடங்கு சூடு. நான் சிறுமியாக இருந்தபோது அப்படிக் காட்டி, தாள் பற்றிக்கொண்டு, பாவாடையில் விழுந்து தழும்பே இருக்கிறது. பல்பின் அருகே பிடியுங்கள் என்ற குறிப்பும் இப்போது பலிக்காது. அது குண்டு பல்பு காலத்துக் குறிப்பு. எல்இடி பல்பு அந்தச் சூட்டைத் தராது. பலர் "எலுமிச்சை மை எங்களுக்கு வரவில்லை" என்பதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

பர்ஸில் இருக்கும் மாய மை

வெப்பம் என்றாலே பழுப்பு என்று நினைத்துவிடக் கூடாது. சூப்பர் மார்க்கெட் பில்லை எடுத்து நகத்தால் வேகமாகக் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழும். அந்தத் தாளின் மேற்பூச்சில் நிறமில்லாத சாயமும், நிறமில்லாத ஓர் அமிலப் பொருளும் தனித்தனித் துகள்களாகத் தூங்குகின்றன. பில் மெஷினில் மை கிடையாது. சூடான ஊசிமுனை போன்ற புள்ளிகள்தான் இருக்கின்றன. சூடு பட்ட இடத்தில் பூச்சு உருகி இரண்டும் கலந்ததும் கறுக்கிறது. எதுவும் கருகவில்லை. ஏடிஎம் சீட்டும் இப்படித்தான்.

தேய்த்தால் அழியும் ஜெல் பேனா இதற்குத் தலைகீழ். அதன் மை சுமார் 60 டிகிரியில் நிறம் இழக்கும். பேனாவின் முனையில் உள்ள ரப்பரால் தேய்க்கும்போது உண்டாகும் சூடே அதற்குப் போதும். அழித்த தாளை ஃப்ரீஸரில் ஒரு மணி நேரம் வைத்தால் எழுத்து திரும்பி வரலாம். அதனால் செக்கிலோ விண்ணப்பத்திலோ அந்தப் பேனாவால் எழுதாதீர்கள்.

ஆரத்தித் தட்டில் இருக்கும் ரகசியம்

சூடே வேண்டாத வழி ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறது. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு சேர்த்ததும் சட்டென்று சிவக்கும். சின்னவளுக்கு அது தெரியும். எதற்கென்றுதான் தெரியாது.

மஞ்சளில் உள்ள மஞ்சள் நிறத்துக்குக் குர்க்குமின் என்ற பொருள் காரணம். சுண்ணாம்பு, சோப்பு, ஆப்ப சோடா எல்லாம் அமிலத்துக்கு எதிர்க் குணம் உள்ளவை. தொட்டால் வழுக்கும். இந்த வகையைக் காரம் என்பார்கள். மிளகாய்க் காரம் இல்லை, இது வேதியியல் காரம். காரம் பட்டதும் குர்க்குமின் துகளிலிருந்து ஒரு ஹைட்ரஜன் துணுக்கு கழன்றுவிடுகிறது. அதனால் அது விழுங்கும் ஒளியின் நிறம் மாறுகிறது, நம் கண்ணுக்கு வரும் நிறமும் மாறுகிறது. இப்படி அமிலத்தையும் காரத்தையும் நிறத்தால் காட்டித்தரும் பொருளுக்கு நிறங்காட்டி என்று பெயர். சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையைச் சோப்புப் போட்டதும் கறை சிவப்பாவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம்.

இதை மையாக்குவது எளிது. அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடாவைக் கலக்கி, தெளிந்த நீரால் எழுதிக் காயவிடுங்கள். குர்க்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். எனவே கை கழுவும் சானிடைசர் திரவம் கொஞ்சத்தில் கால் ஸ்பூன் மஞ்சள்தூளைக் கலந்து, பஞ்சால் தாளின் மேல் பூசுங்கள். தாள் மஞ்சளாகும், எழுத்து செம்பழுப்பாக எழும். சானிடைசர் எளிதில் தீப்பற்றும் பொருள். அடுப்பும் இஸ்திரிப் பெட்டியும் அணைந்த பிறகே இந்த வேலை. ஆப்ப சோடாவில் நிறம் மங்கலாக இருந்தால் துணி சோப்புக் கரைசலால் எழுதிப் பாருங்கள், அதன் காரம் கூடுதல். சுண்ணாம்புத் தண்ணீர் இன்னும் நன்றாக வரும், ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகள் கையில் அதைத் தர மாட்டேன்.

எழுத்து வந்த பிறகு அதன் மேல் எலுமிச்சைச் சாற்றைத் தடவியபோது சிவப்பு மறைந்து மீண்டும் மஞ்சளானது. சின்னவள் திரும்பச் சோப்புத் தண்ணீர் பூசினாள். திரும்பச் சிவந்தது. அவள் அன்று முழுக்க அந்த ஒரே தாளைச் சிவக்க வைத்து மறைய வைத்துக்கொண்டே இருந்தாள். எலுமிச்சை எழுத்தை இப்படித் திரும்ப வெள்ளையாக்க முடியாது. செல்லுலோஸ் மாலை அறுந்தது அறுந்ததுதான். மஞ்சளில் கழன்ற துணுக்கு திரும்ப ஒட்டிக்கொள்கிறது. திரும்ப முடிகிற மாற்றம், திரும்ப முடியாத மாற்றம் என்ற பாடத்தை இதைவிட நன்றாக எப்படிச் சொல்லித்தருவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதுவரை: வெளிக்காட்டி வெப்பமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எழுதிய பொருளோடு சேர்ந்து நிறம் மாறும் எந்தத் திரவமும் வெளிக்காட்டியாகலாம்.

வடிகஞ்சியும் டிஞ்சரும்

சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து எழுதினால், டிஞ்சர் என்று காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தைத் தண்ணீரில் கலந்து பூசும்போது எழுத்து கருநீலமாக வரும். கஞ்சியில் உள்ள மாவுச்சத்து ஸ்பிரிங் போலச் சுருண்ட நீளமான இழை. அயோடின் அந்தச் சுருளின் உள்ளே வரிசையாகப் போய் உட்காரும்போது நீல நிறம் பிறக்கிறது. மாவுச்சத்தும் சர்க்கரை மணி மாலைதான். செல்லுலோஸ் நேராகக் கிடக்கிறது, இது சுருண்டுகொள்கிறது. அவ்வளவு சின்ன வேறுபாட்டில்தான் ஒன்று காகிதமாகவும் இன்னொன்று சோறாகவும் இருக்கிறது.

எங்கள் முதல் முயற்சியில் தாள் முழுவதும் ஊதா நிறமாகி எழுத்து அதில் அமிழ்ந்துபோனது. பிரிண்டர் தாள்களில் மை பரவாமலிருக்க மாவுச்சத்து சேர்ப்பார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. அப்படி நேர்ந்தால் தாளைத் தூக்கி எறியாதீர்கள். அந்த ஊதாத் தாளில் எலுமிச்சைச் சாற்றால் எழுதுங்கள். எழுத்து வெள்ளையாக விழும். எலுமிச்சையின் வைட்டமின் சி, அயோடினை நிறமில்லாத வேறு வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. அயோடின் கையிலும் துணியிலும் கறை படியும், வாயில் போகக் கூடாது. பூசும் வேலையைப் பெரியவர்கள் செய்யலாம்.

மாசிக்காய்: காற்று வேலை செய்யும் இடம்

குழந்தைக்கு உரைமருந்து உரைத்துக் கொடுத்த வீடுகளில் மாசிக்காயும் கடுக்காயும் இருக்கும். மாசிக்காய் பழமில்லை. ஒருவகைப் பூச்சி முட்டையிடும்போது ஓக் மரத்தில் உண்டாகும் வீக்கம். இரண்டிலும் துவர்ப்பான டேனின் நிறைய இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் 3-ஆம் நூற்றாண்டிலேயே பைசாந்தியம் நகரத்துக் கிரேக்கர் ஃபைலோ, மாசிக்காய் ஊறிய நீரால் எழுதி, உலோக உப்புக் கரைசலால் வெளிப்படுத்தும் முறையைக் குறித்து வைத்திருக்கிறார்.

அதை நாங்கள் கடுக்காயில் செய்தோம். இரண்டு கடுக்காயின் தோலைத் தட்டி வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டி, நிறம் தெரியாத அளவுக்குத் தண்ணீர் சேர்த்து எழுதினோம். வினிகரில் துருப்பிடித்த ஆணிகளை மூன்று நாள் போட்டு வைத்திருந்தேன். அந்த நீரைப் பஞ்சில் தொட்டுத் தடவியதும் சாம்பல் நிறம் வந்தது, சில நிமிடங்களில் கருத்தது. டேனினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. நம் ஊர்க் கடுக்காய் மையும், ஐரோப்பாவில் பல நூற்றாண்டு எழுதப் பயன்பட்ட மையும் இதே சேர்க்கைதான்.

இங்கே கவனியுங்கள். முதலில் மங்கலாக இருந்த சாம்பல் பிறகு கருத்தது எதனால்? இரும்பு காற்றின் ஆக்சிஜனைப் பிடித்து வேறு நிலைக்கு மாறுவதால். "ஆக, நீங்க முதல்ல சொன்ன பதில் இதுக்குத்தான் சரி" என்றான் பெரியவன். ஆமாம். அந்த விளக்கம் எலுமிச்சைக்குப் பொருந்தவில்லை, கடுக்காய்க்கு நன்றாகவே பொருந்துகிறது.

உயிரைப் பறித்த எலுமிச்சை

பிள்ளைகள் ஒற்றர் கதை கேட்காமல் விடுவார்களா? 1915-ல், முதல் உலகப் போரின்போது, கார்ல் முல்லர் என்ற ஜெர்மன் ஒற்றர் லண்டனில் பிடிபட்டார். சாதாரண ஆங்கிலக் கடிதத்தின் வரிகளுக்கு நடுவே எலுமிச்சைச் சாற்றால் செய்தி எழுதி அனுப்பியவர். அவரிடம் கிடைத்த எலுமிச்சம்பழமும் பேனா முனையும் வழக்கில் சான்றாயின. அந்த ஆண்டு ஜூன் 23-ஆம் தேதி லண்டன் கோபுரத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கறுத்துச் சுருங்கிய அந்த எலுமிச்சை இன்னும் இருக்கிறது. 2025-ல் லண்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் காட்சிக்கு வைத்தார்கள்.

வெப்பத்தில் எழும் எல்லா மைக்கும் இந்தப் பலவீனம் உண்டு. என்ன மை என்று தெரியாதவரும் தாளைச் சும்மா சூடு காட்டிப் பார்க்கலாம். இதை ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்க விடுதலைப் போரிலேயே உணர்ந்திருந்தார். அவருடைய ஒற்றர்களுக்கு ஜேம்ஸ் ஜே என்ற மருத்துவர் செய்துகொடுத்த மை சூட்டுக்கு மசியாது. அதற்கென்றே செய்த இன்னொரு திரவத்தைப் பூசினால்தான் தெரியும்.

முதல் உலகப் போரில் தணிக்கை அதிகாரிகள் அதையும் மிஞ்சினார்கள். தாளை அயோடின் ஆவியில் காட்டினார்கள். எந்தத் திரவத்தால் எழுதினாலும், வெறும் தண்ணீரே ஆனாலும், ஈரம் பட்ட இடத்தில் தாளின் நார் கொஞ்சம் கலைந்துவிடும். கலைந்த நாரில் அயோடின் கூடுதலாகப் படியும். அந்த இடத்தில் மையைக் கண்டுபிடிக்கவே தேவையில்லை, பேனா போன தடமே போதும். நம் ஓலைச்சுவடிக் கீறல்தான் இது. அந்தக் காலத்து ரகசிய மைக் குறிப்புகள் சிலவற்றை அமெரிக்க உளவுத் துறையான சிஐஏ 2011-ல்தான் பொதுமக்களுக்கு வெளியிட்டது. எழுதப்பட்டவை 1917, 1918 காலத்தவை.

வீட்டில் இதை மலிவாகச் செய்து பார்க்கலாம். எழுதிய தாளை இருட்டறையில் டார்ச்சின் எதிரே கிடையாகச் சாய்த்துப் பிடியுங்கள். பட்ஸை நிறைய நனைத்து அழுத்தி எழுதியவர்களின் தாளில் எழுத்து மேடுபள்ளமாகத் தெரிந்துவிடும். தாள் நனைந்து சுருங்காமல் கொஞ்சமாகத் தொட்டு எழுதுவதுதான் கைத்திறன்.

ஒளியால் மட்டும் தெரிவது

நம் ரூபாய் நோட்டின் எண்களும், தாளுக்குள் பதித்த நுண்ணிழைகளும் புற ஊதா விளக்கில் ஒளிரும். புற ஊதா என்பது ஊதா நிறத்துக்கு அப்பால் இருக்கும், நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. சில பொருள்கள் அதை விழுங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தரும். துணி சோப்புத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருளும் அப்படித்தான் நீலமாக ஒளிரும். வாக்குச்சாவடியில் விரலில் வைக்கும் மையில் சில்வர் நைட்ரேட் இருக்கிறது. அது தோலில் பட்டு, வெளிச்சமும் பட்டுக் கறுக்கிறது. மைசூரில் செய்யும் அந்த மையை 1962 பொதுத் தேர்தலிலிருந்து பயன்படுத்துகிறார்கள்.

ஈரத்தில் இளஞ்சிவப்பாகவும் காய்ந்தால் நீலமாகவும் மாறும் கோபால்ட் குளோரைடு மை சில பழைய பரிசோதனைப் புத்தகங்களில் இருக்கும். அழகாக இருக்கும், ஆனால் நச்சு. பிள்ளைகளோடு வேண்டவே வேண்டாம்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் பெரியவன் என் அலமாரியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துவிட்டுப் போயிருந்தான். டார்ச்சில் சாய்த்துப் பார்த்தேன், ஒரு மேடுபள்ளமும் இல்லை. நன்றாகத் தேறிவிட்டான். எந்த வெளிக்காட்டி என்று குறிப்பும் வைக்கவில்லை. மஞ்சளைப் பூசினால் திரும்ப இஸ்திரி போட்டுப் பார்க்க முடியாது என்பதால் முதலில் சூட்டைக் காட்டினேன். மெல்லிய பழுப்பில் வந்தது:

"அத்தை, வெங்காயச் சாறும் வேலை செய்யுது. அதுலயும் சர்க்கரை இருக்கு. மோந்து பார்த்திருந்தா முதல்லயே கண்டுபிடிச்சிருப்பீங்க."